பழைய தண்ணீர்

சென்னை கொளத்தூருக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் பார்ப்பது கடைகளை. வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், நீல விளக்கு, வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் செடிகள், ஞாயிற்றுக்கிழமையானால் நடக்க இடமில்லாத கூட்டம். அந்த மீன்கள் பிறந்து வளர்கிற இடம் வேறு. மாதவரம், புழல், செங்குன்றம் என்று வடக்கே போகப் போக, பொன்னேரி வரைக்கும் அது சிதறிக் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நாற்றங்கால் மாதிரி இருக்கும்: பச்சை நிழல்வலை, இரும்புக் குழாய், ஓயாமல் ஓடும் மோட்டார்ச் சத்தம். உள்ளே போனால் தரையெல்லாம் தண்ணீர்.

நான் போன பண்ணை செங்குன்றம் பக்கம் இருந்தது. இடுப்புயர சிமென்ட் தொட்டிகள் ஒரு பக்கம். மறுபக்கம் மண்ணைத் தோண்டி சில்பாலின் தார்ப்பாய் விரித்த குழிகள். மேலே வலை கட்டாவிட்டால் மீன்கொத்தியும் கொக்கும் காலைப் பலகாரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளும். பறவையைவிட மோசமான எதிரி ஒன்றைப் பண்ணைக்காரர் காட்டினார். தட்டான் பூச்சி தண்ணீரில் இட்ட முட்டையிலிருந்து வரும் இளம்புழு. அது அடியில் பதுங்கிக்கொண்டு, பக்கத்தில் வரும் குஞ்சை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும். "கொக்கு வந்தா கண்ணுக்குத் தெரியும் சார். இது குஞ்சு குறைஞ்ச அப்புறம்தான் தெரியும்" என்றார்.

அங்கே முதலில் என்னைக் குழப்பியது தண்ணீரின் நிறம். ஒரு தொட்டி கண்ணாடி மாதிரி, அடுத்தது தேநீர் மாதிரி, அதற்கடுத்தது பாகற்காய்ச் சாறு. பச்சையாக இருந்ததைக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் அதுதான் பண்ணையிலேயே விலை உயர்ந்த தண்ணீர். சாணமும் கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்துக் கரைத்து ஊற்றி, வெயிலில் விட்டு வளர்த்த பாசி அது. அந்தப் பாசியைத் தின்று மொய்னா என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்ப்பூச்சி பெருகும். மொய்னாவைத் தின்று குஞ்சு வளரும். "மீனுக்குத் தீனி போடறது வேலையே இல்ல. தீனிக்குத் தீனி போடறதுதான் வேலை" என்றார் அவர். மொய்னா கிடைக்காத நாளில் ஆர்ட்டீமியா. டப்பாவில் வரும் காய்ந்த முட்டை, பார்க்கக் காப்பித்தூள் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டு அடியிலிருந்து காற்று கொடுத்தால் ஒரு நாளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகப் பொரிந்துவிடும். வெளியூரிலிருந்து வருவதால் காசு அதிகம். மொய்னா சாணத்தில் விளைகிறது.

புழு இன்னொரு கதை. ட்யூபிஃபெக்ஸ் என்று புத்தகத்தில் இருக்கும். பண்ணையில் வெறும் புழுதான். நூல் போல மெல்லிசாக, ரத்தச் சிவப்பாக இருக்கும். சாக்கடைக் கால்வாய்ச் சேற்றில் தலையைப் புதைத்து, வாலை மேலே ஆட்டிக்கொண்டு வாழ்கிற ஜீவன். ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் தாக்குப்பிடிக்க அதன் உடம்பிலும் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு, சிவப்பு அதனால்தான். விடியற்காலையில் முழங்காலளவு கழிவுநீரில் இறங்கிச் சேற்றை அள்ளி, துணியில் அலசி, புழுவைப் பிரித்து எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒருவர் தட்டில் கொட்டிக் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்துவிட்டார். சற்று நேரத்தில் புழுவெல்லாம் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகத் திரண்டது. சேறும் செத்த புழுவும் அடியில் தங்கிவிட்டன. பந்தை அப்படியே கையில் தூக்கி வேறு தட்டுக்கு மாற்றினார். நாள் முழுக்க இதே வேலை. சரியாக அலசாத புழுவோடு நோயும் தொட்டிக்குள் வந்துவிடும் என்று தெரிந்ததால் பெரிய பண்ணைகள் இப்போது விலகப் பார்க்கின்றன. ஆனால் புழு தின்ற மீனின் பளபளப்பு மாத்திரைத் தீனியில் வராது என்று சத்தியம் செய்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அலங்கார மீன் தொழிலைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த மனிதரிடமிருந்து தொடங்குவதில்லை.

பண்ணையில் பெண்கள்தான் பிரிப்பு வேலை பார்க்கிறார்கள். நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஒரு அக்காவின் பக்கத்தில். எதிரே வெள்ளை பிளாஸ்டிக் பேசின், அதில் விரல் கணு அளவுகூட இல்லாத கப்பிக் குஞ்சுகள். இடது பக்கம் ஒரு வாளி, வலது பக்கம் ஒரு வாளி. கரண்டியால் மொண்டு எடுக்கிறார், ஒரு பார்வை, இடமோ வலமோ போகிறது. நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. "வயித்துக்குப் பின்னால கறுப்பாப் பொட்டு தெரியுதா? அது பொட்டை. அந்த இடத்துல இருக்கற துடுப்பு ஊசி மாதிரி மெலிஞ்சு வந்தா அது ஆணு. வால் கலர் வர்ற வரைக்கும் காத்திருந்தா வேலைக்கு ஆவாது தம்பி" என்றார்.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், கப்பி முட்டையிடுகிற மீன் அல்ல, குட்டி போடுகிற மீன். ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தை உடம்பிலேயே சேமித்துவைத்து, ஆண் இல்லாமலே மாதக்கணக்கில் குட்டி போடும். நீலவாலோடு சிவப்புவால் ஒரே ஒரு நாள் கலந்துவிட்டால், அந்தப் பெண்ணிடமிருந்து பல ஈற்றுகளுக்கு எந்த நிறம் வரும் என்று சொல்ல முடியாது. ஜோடி வாங்கிப் போகிறவர் ரசிக்கிற அந்த விசிறி வால், தலைமுறை தலைமுறையாக யாரோ ஒரு அக்கா கரண்டியால் இடமும் வலமும் ஒதுக்கியதன் மிச்சம். ஒதுக்கப்பட்ட கோணல் முதுகும் கிழிந்த வாலும் பெரிய மீன்களுக்குத் தீனியாகப் போகின்றன. அதைச் சொல்ல அவர் தயங்கவில்லை.

ஃபைட்டர் மீன் பகுதியில் சத்தமே இல்லை. ஆண் மீன் ஒவ்வொன்றும் தனித்தனி பாட்டிலில், நடுவே அட்டை. அட்டையை எடுத்தால் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதும். தாய்லாந்து மீன், 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. மேலே வந்து காற்றை நேராக விழுங்கி மூச்சுவிடத் தெரிந்த இனம் என்பதால் பாட்டிலில் பிழைக்கிறது. இனப்பெருக்கத்துக்கு விடும் தொட்டியில் ஒரு காய்ந்த பாதாம் இலை மிதந்தது. ஆண் மீன் அதன் அடியில் எச்சில் நுரையால் கூடு கட்டி, விழுகிற முட்டையை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுகிறது. முட்டையிட்ட பெண்ணைத் துரத்துகிறது. இலை சும்மா நிழலுக்காக அல்ல, ஊறும்போது தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்கிப் பூஞ்சையைக் குறைக்கிறது. சென்னைத் தெருக்களில் கூட்டித் தள்ளுகிற அதே இலை, கடையில் கட்டாகக் கட்டி விற்பனைக்கு இருக்கிறது.

ஏஞ்சல் மீனுக்கு ஓடு, கோல்டு மீனுக்கு நைலான் நார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசவ அறை. அதை விவரித்தால் முடியாது. பேக்கிங்கைச் சொல்லவேண்டும்.

அனுப்புவதற்கு முன் மீனைப் பட்டினி போடுகிறார்கள். கொடுமைபோலத் தோன்றும், ஆனால் தின்ற மீன் பைக்குள் கழியும், அந்தக் கழிவே அதைக் கொன்றுவிடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பையின் இரண்டு மூலைகளையும் ரப்பர் பேண்டால் கட்டி உருண்டையாக்குகிறார்கள், கூரான மூலையில் சிறு மீன் சிக்கி நசுங்கக்கூடாது என்று. கட்டுகிற பையனின் கை ரப்பரைச் சுற்றுகிற வேகத்தைப் பூக்காரர்களிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன். பைக்குள் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீர் புளிக்கும். அந்தப் புளிப்பில் அமோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். வீட்டில் பையைத் திறந்ததும் வாயு பறந்துவிடும், புளிப்பு இறங்கும், அடங்கிய விஷம் எழுந்துகொள்ளும். "மூடின பையை மிதக்கவிடு, திறந்துட்டா சீக்கிரம் மாத்து" என்று அவர்கள் சொல்வதன் காரணம் இது. காரணத்தைச் சொல்லாமல் பழக்கத்தைச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் பாதியை மறந்துவிடுகிறார்.

பண்ணையில் எல்லோரும் சொல்கிற இன்னொரு சொல் 'பழைய தண்ணி'. தொட்டியை முழுதாகக் கழுவமாட்டார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை அதிகம் கெடுக்காத நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் தண்ணீரில் நீந்துவதைவிடச் சுவரின் வழுவழுப்பிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான் குடியிருக்கிறது. அது புதுத் தொட்டியில் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். பண்ணைக்காரருக்கு விரல் வைத்தால் தெரியும். கொளத்தூரில் சனிக்கிழமை மாலை தொட்டி, கல், மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆட்டோவில் ஏற்றுகிற குடும்பத்துக்குத் தெரியாது. இரவே குழாய்த் தண்ணீர் நிரம்பும், குளோரினுக்கு இரண்டு சொட்டு மருந்து விழும், பிள்ளை தூங்குவதற்குள் மீனும் விழும். அடுத்த வாரம் மீன் செத்தால் 'கடைக்காரன் நோய் மீனைத் தள்ளிவிட்டான்'. மீன் ஊர்விட்டு ஊர் போகிறது, அதைக் காப்பாற்றிய அறிவு பண்ணைச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கடைக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. "ஒரு மாசம் வெறும் தண்ணியை ஓட்டிட்டு அப்புறம் வாங்கன்னு சொன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க சார்" என்றார் ஒருவர். பக்கத்துக் கடை நான்கடி தூரத்தில் இருந்தது.

2017 மே மாதம் மத்திய அரசு மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தபோது இந்தத் தெருக்கள் கொதித்தன. 158 வகை மீன்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் தடை, உருண்டைக் குடுவையில் மீன் வைக்கத் தடை என்று நீண்டது பட்டியல். எதிர்ப்பு வலுத்துப் பின்னர் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. தொழிலறியாமல் எழுதப்பட்ட விதிகள் என்று வியாபாரிகள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடுவை விஷயத்தில் அரசு பக்கம்தான் நியாயம்.

பொறுமையைக் கட்டாயப்படுத்துகிற ஜீவன் ஒன்று சமீப காலமாகச் சந்தைக்கு வந்திருக்கிறது: செர்ரி இறால். கிழக்காசிய ஓடைகளில் மங்கிய பழுப்பில் திரிந்ததைப் பொறுக்கிப் பொறுக்கிச் சிவப்பாக்கியிருக்கிறார்கள். பெரம்பூரில் ஒரு இளைஞர் வீட்டின் பின்னறையில் இதை வளர்த்து விற்கிறார். புதுத் தொட்டியில் விட்டால் மீனாவது தத்தளிக்கும், இறால் மறுநாளே கிடையாது. பாசியும் வழுவழுப்பும் படர்ந்த தொட்டியில்தான் அது நாள் முழுக்க மேயும். அவரோடு சேர்ந்து ஒரு தாய் இறாலைப் பார்த்தேன். வயிற்றுக்கு அடியில் மஞ்சள் மணிகளாக முட்டைகள். நீச்சல் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் அப்படிச் சுமந்தபின், புழுப்பருவம் எதுவுமில்லாமல், கண்ணும் மீசையுமாக முழு இறாலே வெளியே வரும். உரித்துப்போட்ட ஓட்டை அவர் எடுப்பதில்லை; சுண்ணாம்புச் சத்துக்காக அவையே அதைத் தின்றுவிடும். பயம் இரண்டு. ஒன்று தாமிரம், மீன் மருந்துகள் பலவற்றில் இருக்கிறது, மீனைக் குணமாக்கும் சொட்டு இறாலை மொத்தமாகச் சாய்த்துவிடும். இரண்டாவது சென்னையின் மே மாதம். தொட்டிமேல் மின்விசிறி ஓடுகிறது. கரண்ட் போனால் ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலை மிதக்கவிடுகிறார். அவருடைய பாட்டி ஒவ்வொரு முறையும் 'எப்போ குழம்பு?' என்று கேட்கிறாராம்.

நத்தைக்குக் கொளத்தூரில் மரியாதை இல்லை. செடியோடு ஒட்டி வந்து பெருகுவதைக் கடைகளில் நசுக்கித் தள்ளுகிறார்கள். ஆனால் வீட்டுத் தொட்டி என்ற யோசனை நிலைத்ததே நத்தையால்தான். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 12 கேலன் பாத்திரத்தில் இரண்டு சிறு கோல்டு மீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்துப் பார்த்தார். செடி ஆக்சிஜன் கொடுத்தது, ஆனால் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன. அவற்றின் முட்டை மீனுக்குத் தீனியானது. 1850இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். தொட்டியில் நத்தை பெருகுகிறது என்றால் தீனி அதிகம் விழுகிறது என்று அர்த்தம். நத்தையைக் கொல்ல மருந்து தேடுகிறவர் தீனி டப்பாவை மூடினால் போதும்.

தொட்டியைச் சுத்தம் செய்யவென்று கடைகளில் விற்கும் 'டேங்க் கிளீனர்' பற்றித்தான் எனக்குக் கோபம். தென்னமெரிக்கக் கெளுத்தி, விரலளவில் வாங்குகிறோம், ஓரடிக்கு மேல் வளர்கிறது. வீட்டில் இடமில்லாமல் போனதும் புண்ணியம் என்று நினைத்து ஏரியில் விடுகிறார்கள். சென்னையைச் சுற்றிய ஏரிகளில் இப்போது அது மீனவர் வலையில் ஏறுகிறது. முள்செதில் வலையைக் கிழிக்கும், கரையை வளை தோண்டும், காற்றை விழுங்கி உயிர்பிழைக்கும், வாங்க ஆளில்லை. செங்குன்றம் பண்ணைக்காரரிடம் ஒரு தனித் தொட்டி இருந்தது, உள்ளே கருத்த பட்டாக்கத்திகளாக ஏழெட்டு. வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்தவை. விற்க முடியாது, ஏரியில் விட மனசு வரவில்லை என்று வைத்திருக்கிறார். திருப்பி வாங்கிக்கொள்கிற கடை என்று போர்டு வைக்கலாமே என்று கேட்டேன். "வெச்சா நாளைக்கே இடம் பத்தாது. முதல்ல விக்கறதை நிறுத்தணும். இந்த வருஷம் நான் குஞ்சு எடுக்கல. பக்கத்துல எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, தொட்டியில் ஒரு பூசணித் துண்டைப் போட்டார்.