வேருக்குள் எது ஒட்டுகிறது?

மேசைமேல் வாய் அகன்ற ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே நாற்பது ஐம்பது பற்கள் ஊறிக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்ததும் ஓம வாசனை. ஊறவைத்திருப்பது தைமால் கரைசல். ஓமத்துக்கு அந்த வாசனையைத் தருவதும் தைமால்தான். "எல்லாம் கிளிப் போடுறதுக்காகப் பிடுங்கினது சார். சொத்தை கிடையாது" என்றார் முதுநிலை மாணவி.

தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய், பிறகு அரை கிலோமீட்டர் நடை. இந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்கு நான் வந்தது ஒரு சந்தேகத்தோடு. வேர் சிகிச்சையில் கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு, வேர்க்குழாயை கட்டாபெர்ச்சா குச்சிகளால் அடைக்கிறார்கள். மலேயாக் காட்டு மரமொன்றின் பாலிலிருந்து வருவது அது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பல்லுக்குள் போகிறது, ஆனால் பல்லோடு ஒட்டாது. குச்சிக்கும், டென்டின் என்ற பல்திசுவால் ஆன சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை சீலர் என்ற பசைதான் நிரப்ப வேண்டும். சீலர் பெட்டிகளில் எல்லாம் 'டென்டினோடு நன்கு ஒட்டும்' என்று போட்டிருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

முதலில் பழைய வகைச் சீலரைக் குழைத்துக் காட்டினார். துத்தநாக ஆக்சைடு பொடி, யூஜினால் எண்ணெய். அறை முழுக்கக் கிராம்பு மணம். கரண்டியைத் தூக்கினால் பசை ஓர் அங்குலம் இழுபட்டுத்தான் அறவேண்டும். வெல்லப்பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள். அடுத்து எபாக்சி ரெசின் சீலர்: இரண்டு டியூப், சரிபாதியாகப் பிதுக்கிக் கலக்க வேண்டும். வாசனை இல்லை, உடல் சூட்டில் இறுக எட்டு மணி நேரமாவது ஆகும். இது டென்டினில் உள்ள கொலாஜன் புரதத்தோடு வேதிப்பிணைப்பே போடும் என்கிறார்கள். மூன்றாவது, கால்சியம் சிலிகேட். சிரிஞ்சில் தயாராக வருகிறது, இறுகுவதற்கு ஈரம் வேண்டும். எபாக்சிக்குக் குழாய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இதற்கோ ஒட்டக் காயவைத்தால் ஆகாது.

சுவரில் ஒட்டியிருந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். டென்டின் என்பது நுண்குழாய்களின் கூட்டம். நரம்பறையை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல். வேரின் நுனியை நோக்கிப் போகப்போகக் குறைகின்றன. இடப்பக்கப் படத்தில் ஒரு துளைகூடத் தெரியவில்லை, சேறு பூசியதுபோல இருந்தது. கருவியால் குழாயைச் சுரண்டும்போது படியும் படலம் அது. வலப்பக்கம் அதே சுவர்தான், 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலால் ஒரு நிமிடம் கழுவிய பிறகு எடுத்தது. அத்தனை துளையும் திறந்திருந்தது. எந்த சீலர் என்பதைவிட எந்தச் சுவர் என்ற கேள்வி எனக்கு அங்கேயே பெரிதாகிவிட்டது.

வெட்டும் இயந்திரத்தில் வைரத்தகடு மெதுவாகச் சுழல்கிறது, மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எபாக்சி சீலரோடு அடைத்து முடித்து, 37 டிகிரியில் ஈரத்தில் ஏழு நாள் வைத்த வேர்களை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நறுக்குகிறார்கள். ஒரு வேரில் மேல், நடு, நுனி என்று மூன்று துண்டு. நகக்கண்ணில் அடங்கும் வெள்ளை வில்லை, நடுவே கட்டாபெர்ச்சாவின் இளஞ்சிவப்புப் புள்ளி. புள்ளியைச் சுற்றி மயிரிழை அளவில் மஞ்சள் கோடு தெரிந்தது. அதுதான் சீலர்.

அடைப்பு எவ்வளவு விசைக்குக் கழல்கிறது என்று அழுத்திப் பார்க்கும் யூ.டி.எம். இயந்திரம் இந்தக் கல்லூரியில் இல்லை. ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த பொறியியல் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போனோம். ஒரு துண்டுக்கு 150 ரூபாய், மாணவி தன் கைக்காசைக் கட்டுகிறார்.

வில்லையை ஓட்டையுள்ள தாங்கியில் கவிழ்த்து வைத்து, நுனிப்பக்கத்திலிருந்து ஊசி இறங்கியது, நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில். திரையில் கோடு ஏறி, 7.2 நியூட்டனில் சட்டென்று விழுந்தது. ஒட்டிய சுவரின் பரப்பு ஏறக்குறைய மூன்று சதுர மில்லிமீட்டர், வகுத்தால் 2.4 மெகாபாஸ்கல். சொத்தையை அடைக்கும் காம்போசிட் நல்ல டென்டினில் இருபதுக்கு மேல் பிடிக்கும். குழாய்க்குள் அவ்வளவு வராததற்குக் காரணம் கேட்டேன். ரெசின் இறுகும்போது சுருங்கும். சுற்றிலும் சுவர் என்பதால் விட்டுக்கொடுக்க ஒரு பக்கமும் திறந்த முகப்பு இல்லை, அதனால் தன்னையே சுவரிலிருந்து பிய்த்துக்கொள்ளும் என்றார். 2004இல் வந்த ரெசிலான் என்ற ரெசின் குச்சி, சீலரோடும் பல்லோடும் ஒரே கட்டியாகிவிடும் என்றுதான் விற்கப்பட்டது. அது நிலைக்கவில்லை, சந்தையைவிட்டே போய்விட்டது.

அடுத்த வில்லையில்தான் என் கண் ஒன்றைப் பிடித்தது. திரையில் கோடு விழவில்லை, வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே போனது. எடுத்துப் பார்த்தால் இளஞ்சிவப்புப் புள்ளியில் குழி விழுந்திருந்தது, மஞ்சள் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஊசி அழுத்தியது மெத்தென்ற கட்டாபெர்ச்சாவை. சீலர் அசையவே இல்லை. "இது நடக்கும் சார். அதனாலதான் சில பேர் குச்சியே வைக்காம சீலரை மட்டும் நிரப்பிச் சோதிக்கிறாங்க" என்றார். அப்படி நிரப்பினால் அது நோயாளியின் வாயில் இருக்கும் அடைப்பு ஆகாதே என்றேன். "ஆகாதுதான்" என்று அந்த வில்லையைக் கணக்கிலிருந்து நீக்கினார். எண் கூடினால் பல் நெடுநாள் நிற்கும் என்று நிரூபணம் உண்டா என்று மாணவியின் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனில் கேட்டேன். இல்லை, மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் இது என்று ஒளிக்காமல் சொன்னார்.

நுனித் துண்டு 1.8 நியூட்டனிலேயே கழன்றுவிட்டது. பரப்பும் அங்கே சிறிது என்பதால் வகுத்தால் ஒரு மெகாபாஸ்கல் வந்தது. ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் மேல்துண்டின் சுவரில் மஞ்சள் திட்டுகள் மிச்சமிருந்தன. நுனித் துண்டின் சுவரிலோ ஒரு பொட்டுகூட இல்லை, மொத்தமாக உரிந்து வந்திருந்தது. கிருமி எலும்புக்குள் கசியும் வாசல் அந்த நுனிதான். கழுவும் நீர் சரியாகப் போய்ச் சேராத இடமும் அதுவே. பெட்டியில் போட்டிருக்கும் அந்த ஒரு வரி இந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கால்சியம் சிலிகேட் அடைத்த வேர்கள் இன்னும் இன்குபேட்டரில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அழுத்துகிறார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நுனித் துண்டுகளை முதலில் வைக்கச் சொல்லி.