உப்பு

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். கதிர்வீச்சுக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

"உசுரே ஊசலாடுது, இப்பப் பல்லுதான் முக்கியமா?" என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கதிர்வீச்சு பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறையும்; பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம் என்றார் டாக்டர். சொத்தைப் பற்கள் நான்கையும் எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்தோம்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். எச்சில் வற்றிவிட்டது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. கொப்பளிக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம். ஆபிஸில் சர்வர் விழுந்தால் அடிக்கும் அதே சத்தத்தையே வைத்தேன்.

பல மாதம் கழித்து, தயிர்ச்சோற்றை மென்றபடி அப்பா சொன்னார்: "உப்பு கம்மி."

அம்மா டப்பாவை எடுக்க ஓடினார்.