மூட்டுகளின் கணக்கு



சாத்தூரில் நான் ஓதப் போன காலத்தில் அஜ்ரத் ஒரு ஹதீஸைச் சொல்லிக் கொடுத்தார். ஆதமின் மக்கள் ஒவ்வொருவரும் 360 மூட்டுகளுடன் படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், பொழுது விடியும் ஒவ்வொரு நாளும் அந்த மூட்டுகள் ஒவ்வொன்றுக்காகவும் நாம் தர்மம் செய்ய வேண்டியிருக்கிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் நாங்கள் விரல்களை மடக்கி மடக்கி எண்ணத் தொடங்கினோம். ஒரு கைவிரல்களில் மட்டும் பதினான்கு வந்தது. அதற்குள் யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கு அத்தோடு நின்று போயிற்று.

விட்ட இடத்திலிருந்து அதைத் தொடரும்படி ஆனது என் நாற்பத்தொன்றாம் வயதில்.

நான் வாக்கப்பட்டு வந்த ஊர் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடம். மாரியம்மன் கோயிலால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட ஊர். கோயிலுக்குப் போகும் சாலையில் என் கணவருக்கு ஒரு சிறு மளிகைக் கடை. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை என்றால் முந்தின நாள் இரவிலிருந்தே நடந்து வருவோர் கூட்டம் தெருவை நிறைத்துவிடும். நோய் தீர வேண்டுமென்று வருவோரே அவர்களில் பெரும்பாலோர். தோளில் குழந்தையைச் சுமந்து வரும் தகப்பன்மார்களையும், கண்ணில் கட்டுப் போட்ட கிழவிகளைக் கைபிடித்து அழைத்து வரும் பேத்திகளையும் இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் வாசலிலிருந்து பார்த்து வருகிறேன். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு, நம்முடையது நமக்கு. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றால் அந்த வீடு முழுவதும் எப்படி நடக்கத் தொடங்குகிறது என்பதை நான் முதலில் கண்டுகொண்டது அந்தத் தெருவில்தான்.

என் விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் 1980களில் வளர்ந்த பெண்கள் பலரையும் போல நானும் தீப்பெட்டி வேலை அறிந்தவள். பள்ளிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் கட்டை அடுக்குவோம். வரிப்பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து அடுக்கும் வேலை. பிள்ளைகளைக் கொண்டு அந்த வேலையை வாங்கியது நல்ல காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் என் கை வேகமான கை என்று அம்மா பெருமையாகச் சொல்வார். பிற்காலத்தில் இடியாப்பம் பிழிவதிலும் பூ கட்டுவதிலும் அந்த வேகம் இருந்தது. நோய் வந்த பிறகு, அந்த வேலைதான் காரணமோ என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார்.

முதலில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. சற்று நேரம் போனால் சரியாகிவிடும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். பிறகு அந்தச் சற்று நேரம் ஒரு மணி நேரமானது, இரண்டு மணி நேரமானது. மணிக்கட்டு வீங்கியது. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்பேன். கணவரிடமும் அதையே சொன்னேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகள் தொலைபேசியில் கேட்டபோதும் அதையே சொன்னேன். வலியை வெளியே சொன்னால் சபர் குறைந்துவிடும், அல்லாஹ் கொடுத்ததைக் குறை சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு, அதை மறைப்பானேன்: வேகமான கைக்காரி என்ற பெயரை இழக்க எனக்கு மனமில்லை.

இப்படி ஒன்றரை வருடம் கழித்தேன். மகள் விடுமுறைக்கு வந்தபோது, நான் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேநீர்க் குவளையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முடக்குவாதம் என்றார்கள். நம் பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்லிவந்தார்களே, அதுதான். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குமாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருமாம். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டுகள் கோணாமல் பெரும்பாலும் காத்துவிடலாம் என்றும் சொன்னார் அந்த மருத்துவர். சொல்லிவிட்டு என் வலது ஆட்காட்டி விரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். அது நிமிரவில்லை. "இது இனி இப்படித்தாம்மா இருக்கும்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அந்த விரலுக்கு யாரையும் நான் குறை சொல்ல முடியாது. ஒன்றரை வருடம் அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்லைப் போர்வையாகப் போட்டு மூடி வைத்தவள் நான்தான்.

புகாரி நூலில் நோயாளிகளைப் பற்றிய பாடத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி பொறுக்காமல் அரற்றுகிறார்கள். சபர் செய் என்று நபி (ஸல்) அவர்கள் அவரை அடக்கவில்லை. பேச்சின் முடிவில், தமக்கும் தலை வலிக்கிறது என்று அதே போல அரற்றிச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் தலைவலியைப் பகிர்ந்துகொண்ட அந்தச் சிறு காட்சியை நான் முன்பே அறிந்திருந்தால்! அய்யூப் (அலை) அவர்களை நோயாளிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். துன்பம் தம்மைத் தீண்டிவிட்டது என்று தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டவர்களும் அவர்கள்தானே. அதைச் சொல்ல மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். நோயுற்ற பெண்ணிடம் வந்து "பொறுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், எந்த இடத்தில் வலிக்கிறது என்று முதலில் கேட்கலாம்.

எனக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தார்கள். இதைப் படிக்கும் வீடுகளில் யாருக்கேனும் இந்த மாத்திரை எழுதப்பட்டிருந்தால், இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது என்பதை மறக்க வேண்டாம். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்து, நாட்காட்டியில் மகள் சிவப்பு வட்டம் போட்டு வைத்தாள். இரத்தப் பரிசோதனைக்கு மறவாமல் போய் வருகிறேன். இடையில் ஓர் உறவினர், பெயரும் சீட்டும் ஒட்டாத ஏதோ ஒரு பொடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். என் கணவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எனக்குத் தராமல் மருத்துவரிடம் காட்டினார். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, தொடவே வேண்டாம் என்றார் அவர்.

மருந்து பலனளிக்கச் சில மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில்தான் ஓர் ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. கணவர் விடியற்காலையே கடைக்குப் போய்விட்டார். லுஹருக்கு ஒளூச் செய்யக் குழாயைத் திருகினேன், திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகினேன். முந்தானையைச் சுற்றித் திருகினேன். தெருவில் ஆயிரக்கணக்கானோர் நடந்து போகிறார்கள், உள்ளே நான் ஒரு குழாயின் முன் நின்று அழுதுகொண்டிருக்கிறேன். வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. கடைசியில் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு திருகில் திறந்துவிட்டு, நான் ஒளூச் செய்து முடிக்கும் வரை நின்று, மூடிவிட்டும் போனார். "இதுக்குப் போயா அழுவாக?" என்றார்.

அன்றிரவு நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, அம்மாவைப் பார்க்கச் சாத்தூருக்குப் போய்த் திரும்பினால், வீட்டில் திருகு குழாய் ஒன்றுகூட இல்லை. சமையலறை, கொல்லை, குளியலறை எல்லாவற்றிலும் நீண்ட கைப்பிடி வைத்த குழாய்கள். புறங்கையால் தட்டினாலே திறந்துகொள்ளும். அதைப் பற்றியும் அவர் ஒன்றும் பேசவில்லை.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்ற நபிமொழியை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் கல்யாணமாகி அத்தனை வருடங்களில் அவருக்கு நான் ஒரு முறையேனும் நன்றி சொன்னதாக நினைவில்லை. நம் வீடுகளில் அது வழக்கமில்லை. கூச்சமாகவும் இருக்கும். அன்று சோறு போடும்போது சொல்லிவிட்டேன்: "ஏங்க, குழாய் மாத்தினதுக்கு ஜஸாகல்லாஹ் கைரன்." அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, ஹஜ்ஜுக்குக் கிளம்புறவ மாதிரி பேசுறே?" என்றார். பிறகு நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மூட்டுகளின் ஹதீஸுக்கு இப்போது வருகிறேன். அதோடு சேர்ந்த அறிவிப்புகளில், எவையெல்லாம் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். இருவருக்கிடையே நீதமாகத் தீர்ப்புச் சொல்வது, நல்ல வார்த்தை பேசுவது, பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது. ஒருவர் தம் வாகனத்தில் ஏற உதவுவதும் அந்த வரிசையில் வருகிறது. மதுரைப் பேருந்தில் ஏற முடியாமல் நான் படியில் தடுமாறும்போது, பின்னால் நிற்கும் முகமறியாத பெண் யாரேனும் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறார்களே, அது அவர்களுடைய மூட்டின் தர்மம். எதிர்வீட்டு அக்கா குழாயைத் திருகியதும் அப்படித்தான். ஆரோக்கியமாக இருந்தபோது கொடுக்கும் பக்கத்திலேயே நின்று பழகிவிட்டேன். அந்தத் தர்மத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா? பெற்றுக்கொள்ளும் கையாக இருப்பது எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. சில நாட்களில் உதவிக்கு நீளும் கையைத் தட்டிவிடவும் செய்கிறேன். பிறகு வருந்துகிறேன்.

நிலையில் நின்று தொழுகிறேன். ஸுஜூது செய்ய முடியாத நாட்களில் நாற்காலி. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடிந்தால் நின்றும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதை அறிந்தே இருந்தும் முதல் நாள் நாற்காலியில் அமர்ந்தபோது அழுதேன். அத்தஹிய்யாத்தில் ஆட்காட்டி விரலை உயர்த்தும் இடம் வந்தது. விரல் கொக்கி போல வளைந்தே எழுந்தது. இப்போதும் அப்படித்தான் எழுகிறது. என் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தொழுது பழகுகிறான். நன்னியைப் பார்த்து அவனும் விரலை வளைத்தே உயர்த்துகிறான். எத்தனை முறை சொல்லியும் திருத்த முடியவில்லை.

மருந்தின் தயவால், அல்லாஹ்வின் நாட்டத்தால், வீக்கம் இப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. கை விறைப்பு அரை மணி நேரத்தில் விட்டுவிடுகிறது. குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் நீள்கிறது. அந்த நேரத்தில் நான் எதையும் தொடுவதில்லை. வெந்நீர் ஏனத்தில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்க்கிறேன். பதினான்கு, பிறகு மறு கையில் பதினான்கு. இரண்டு மடங்காது, ஒன்று நிமிராது. மற்றவை வேலை செய்கின்றன. யாரேனும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "இன்னைக்கு மணிக்கட்டு வலிக்குது, அல்ஹம்துலில்லாஹ்" என்கிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்பவர்களுக்குச் சற்று விநோதமாக இருக்கிறது போலும்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது நடந்தது ஒன்று. ஒவ்வொரு நாளும் கடைக்குப் போகும் முன் என் கணவர் சமையலறையில் உள்ள டப்பாக்களின் மூடிகளையெல்லாம் தளர்த்தி வைத்துவிட்டுப் போகிறார். நான் கஷ்டப்படாமல் திறக்க வேண்டுமாம். இன்று சீனி டப்பாவில் எறும்பு ஏறிவிட்டது. தட்டில் கொட்டி வெயிலில் வைத்திருக்கிறேன். எறும்புகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன.