பதினெட்டு வளைவும் நான் வாங்க வைத்த சென்சரும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. டீசல் வேன் வைத்திருப்பவர்களும் வேனை நம்பிக் கிளினிக் போகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

என் மச்சானின் வேனை ஏறாவூரில் பலருக்குத் தெரியும். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும். கிழமையில் ஒரு நாள், இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் ஆட்களைக் கொண்டு போகும். லீசிங் இன்னும் முடியவில்லை. வேன் ஒரு நாள் நின்றால் வீட்டில் கணக்கு உதைக்கும்.

போன வருடம் உம்மாவின் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அதிகாலையில் வெளிக்கிட்டு, செங்கலடியால் திரும்பி, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பதினெட்டு வளைவு தொடங்கி மூன்றாவது திருப்பத்தில் மஞ்சள் லைட் பத்தியது. வண்டி இழுவையை விட்டுவிட்டது. மச்சான் எக்ஸலேட்டரை அடிவரைக்கும் மிதிக்கிறார், வேன் மாட்டு வண்டி மாதிரி ஊருது. பின்னால் லொறி ஹோர்ன் அடிக்குது. நிற்பாட்டி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்சத் தூரம் இழுக்கும், பிறகு மறுபடி அதே கதை. உம்மா வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தா. நாங்கள் போய்ச் சேர நம்பர் கொடுத்து முடிந்திருந்தது. பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவருக்கு வேறு திகதிதான் கிடைத்தது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கும் மச்சானுக்கும் தைரியம் வரவில்லை.

ஊருக்கு வந்து ஒரு இடத்தில் ஸ்கேன் பண்ணினோம். பி 0236 என்று வந்தது. ‘டேர்போ பூஸ்ட் சென்சர்’ என்று அர்த்தம் போட்டிருந்தது. நான் விஞ்ஞான ஆசிரியர். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவன். "மச்சான், கொம்பியூட்டரே சொல்லுது, சென்சர்தான். மாத்துங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பாவித்த சென்சர் ஒன்றுக்கு 32,000 ரூபாய். அந்த மாத லீசிங் காசு அதற்குள் போனது.

ஒரு கிழமை நன்றாக ஓடியது. ஏன் ஓடாது? வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கே ஏத்தம் இருக்கு? அடுத்த கண்டிப் பயணத்தில், கிட்டத்தட்ட அதே வளைவில், அதே லைட். மச்சான் திரும்பி வந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் வந்தாறுமூலையில், கெம்பஸுக்குக் கிட்ட வீட்டு வளவுக்குள்ளேயே வேலை செய்யும் ஒரு அண்ணரிடம் கொண்டு போனோம். நான் நடந்ததை விளக்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மாத்த முதல் ரீடிங் பாத்த நீங்களா சேர்?"

பார்க்கவில்லை.

அவர் சாவியைப் போட்டார், எஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்கேனரில் பூஸ்ட் சென்சரின் அளவைக் காட்டினார். 100 கிலோபஸ்கால். "எஞ்ஜின் ஓடாத நேரம் டேர்போ ஊதாது. அப்ப சென்சர் காட்ட வேண்டியது வெளிக்காத்துத்தானே" என்றார். எனக்கு நிலத்துக்குள் போக வேண்டும் போல் இருந்தது. கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய 101 கிலோபஸ்கால் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்தான். ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனை எனக்குத் தோன்றவில்லை. பிறகு கழற்றி வைத்திருந்த பழைய சென்சரைப் பூட்டிப் பார்த்தார். அதுவும் 100. அதாவது 32,000 ரூபாய்க்கு முதலும் அது நல்ல சென்சர்தான். (கண்டியில் வைத்துப் பார்த்தால் 95 போலக் காட்டும், நுவரெலியாவில் 80 சொச்சம். உயரம் கூடக் காத்து ஐதாகிறது, அவ்வளவுதான். அதைப் பிழை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.)

மறுகா மல்டிமீற்றரை எடுத்தார். சென்சருக்கு மூன்று வயர். ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று ஏர்த், மூன்றாவது சிக்னல். சொக்கட்டைக் கழற்றி அளந்தார், 5 வோல்ட் சரியாக இருந்தது, ஏர்த்தும் சரி. வயர் அறுந்தோ ஒன்றோடொன்று முட்டியோ இருந்தால் பெரும்பாலும் பி 0237 அல்லது 0238 என்று வருமாம். 0236 என்பது வேறு. ‘சென்சர் சொல்லுறது எனக்குப் பொருத்தமாப் படல்ல’ என்று கொம்பியூட்டர் சொல்வது. சென்சர் பொய் சொல்லலாம், அல்லது சென்சருக்கே உண்மை போய்ச் சேராமல் இருக்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாவிட்டால் மக்குப் பிள்ளை என்று எழுதிவிட்டு, காது கேட்குதா என்று பார்க்காத மாதிரிதான் என் தீர்ப்பும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். சொக்கட்டைத் திரும்பப் பூட்டி, சிக்னல் வயரில் மீற்றரை வைத்து, சென்சரின் மூக்கில் வாயை வைத்து ஊதினார். 0.1 வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கியது. இப்போது எஞ்ஜினிலிருந்து சென்சருக்குக் காற்றைக் கொண்டு வரும் பென்சில் தடிப்பு ரப்பர் ஹோஸைப் பூட்டி, அதன் மற்ற முனையால் ஊதினார். மீற்றர் அசையவில்லை. "சேர், விரலைக் கீழ வையுங்க." வைத்தேன். இரும்புக் கொழுக்கியில் உரசுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், காற்று சுள்ளென்று விரலில் பட்டது. வருடக்கணக்காகச் சூட்டில் காய்ந்து ரப்பர் வெடித்திருந்தது. உள்ளே எண்ணெய்க் கரி வேறு.

மட்டமான ரோட்டில் டேர்போ பெரிதாக ஊத வேண்டிய தேவை இல்லை, ஆகவே ஒழுக்கும் தெரியவில்லை. ஏத்தத்தில் டேர்போ முழுமூச்சாக ஊதும்போது வெடிப்பு விரிந்து காற்று வெளியேறுகிறது. சென்சருக்குக் குறைந்த அளவுதான் போகிறது. கொம்பியூட்டர் பயந்து டீசலைக் குறைத்து நொண்டி ஓட்டத்துக்குக் கொண்டு வந்துவிடுகிறது. புதுச் சென்சர் போட்டாலும் அதே ஓட்டைக் குழாய்தானே!

ஒரு அடி ஹோஸ், இரண்டு கிளிப். 1,000 ரூபாய் வரவில்லை. அதுவும் டீசலுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்குவித்தார்.

லைட்டை அழித்துத் தந்தவர், "இதோட முடியல்ல, பாரத்தில ஓட்டிப் பாக்கணும்" என்றார். இங்கே மலைக்கு எங்கே போவது? நெல் மூட்டை பன்னிரண்டை ஏற்றி, பதுளை வீதியில் கரடியனாறு தாண்டி மேல் கியரில் மிதித்துப் போனோம். நான் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 100, 130, 160, பிறகு 180ஐயும் தாண்டியது. லைட் பத்தவில்லை. மச்சான் ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தார். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

அண்ணர் சொன்ன இன்னும் சில. சென்சருக்குள் கராஜ் கொம்பிரசர் காற்றை அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கிற மெல்லிய தகடு போய்விடும், வாயால் ஊதினால் போதும். ஏத்தத்தில் கறுப்புப் புகையோடு ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் இன்டர்கூலர் பெரிய ஹோஸ்களையும் பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, அது டேர்போவாகவும் இருக்கலாம், தள்ளிப் போட வேண்டாம். சிலர் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ‘சரியாயிட்டு’ என்று அனுப்புவார்களாம். டேர்போ எவ்வளவு ஊதுகிறது என்று தெரியாமல் ஓடினால் எஞ்ஜினுக்கே கேடு.

உம்மாவின் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பெரியவரையும் ஏற்றினோம், காசு வாங்கவில்லை. கடைசி வளைவு தாண்டியதும் உம்மா, "மகன், முடிஞ்சிட்டா?" என்று கேட்டா.

வேனில் இப்போது பழைய சென்சர்தான் இருக்கிறது. 32,000 ரூபாய்ச் சாமான் பெட்டியோடு மச்சானின் அலுமாரியில் கிடக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டாராம். யாருக்காவது உண்மையிலேயே தேவைப்பட்டால் பாதி விலைக்குக் கொடுக்கச் சொல்கிறார். மீதிப் பாதி என் கணக்கில். வாங்க வரும் முன் உங்கள் ஹோஸை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு வாருங்கள்.