சி டிரைவில் இடமில்லை

கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 36 என்று ஒரு ஷீட் சைஸ் உண்டு. விரித்தால் மூன்றடி அகலம். லேபுக்கு 300 டிபிஐயில் அனுப்ப வேண்டும் என்பதால் உயரத்தில் 3,600 பிக்சல், அகலத்தில் 10,800 பிக்சல். பெருக்கினால் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். போட்டோஷாப்பில் ஒரு படமும் வைக்காமல் வெறும் வெள்ளையாகத் திறந்தாலே கீழே 111.2 எம் என்று காட்டும். எல்லாப் படமும் வைத்து முடித்து ஜேபெக்காகச் சேமித்தால் அதே ஷீட் இருபது எம்பி பக்கம்தான் வரும். இந்த இரண்டு எண்களுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்டுக்கொள்ளாமலேயே ஆல்பம் டிசைனராக என் முதல் சில முகூர்த்த சீசன்கள் ஓடிவிட்டன.

அப்போது கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். 2012, தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். எங்கள் கணினி நாலு ஜிபி ரேம் போட்ட அசெம்பிள்டு மெஷின். 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று நான்காகப் பிரித்து, சி-க்கு 50 ஜிபி மட்டும் விட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பிரித்துக் கொடுப்பார்கள். விண்டோஸும் நாலைந்து மென்பொருளும் தமிழ் ஃபான்ட்டுகளும் ஏறியதும் மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் டெஸ்க்டாப்பில் குவிந்து கிடக்கிற ஃபோல்டர்கள் பாதியைத் தின்றுவிடும். டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை.

ரிசப்ஷன் ஷீட்டில் பாதி வேலை நடந்துகொண்டிருக்கும். ஒரு ஃபில்டரைப் போடுவோம். நீலக்கோடு நகர்ந்து, நகர்ந்து, நின்றுவிடும். ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது, கேட்டதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வரும். ஓகே என்று ஒரே ஒரு பட்டன். வேறு என்ன செய்ய முடியும், அதைத்தான் அழுத்துவோம்.

அடுத்து நடப்பது ஒரு சடங்கு. ஸ்டுடியோ உரிமையாளரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பின்னால் வந்து நின்று, “பழைய கல்யாணம் ஏதாவது ஒண்ண தூக்குப்பா” என்பார். இ டிரைவில் ஒரு கல்யாணம் போகும். மறுபடி முயன்றால் மறுபடி அதே பெட்டி. சர்வீஸுக்கு வருகிறவரைக் கேட்டால் அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: “ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்.”

இ டிரைவில் எவ்வளவு அழித்தாலும் சி டிரைவில் ஒரு பைட்கூடக் கூடாது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இடம் என்றால் எல்லாம் ஒரே இடம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் வேறு, சமையல்கட்டு வேறு. ஸ்டோரில் எவ்வளவு இடம் கிடந்தாலும் அடுப்படியில் அண்டா வைக்க இடமில்லை என்றால் சமையல் நடக்காது. போட்டோஷாப்புக்கு ரேம்தான் முதல் அடுப்படி. அது போதாதபோது ஹார்டு டிஸ்க்கில் ஒரு பகுதியை எடுத்து அங்கே விரித்துக்கொள்ளும். அதற்குத்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று பெயர். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் விண்டோஸ் இருக்கிற டிரைவையே, அதாவது எங்கள் பாவப்பட்ட சி-யையே எடுத்துக்கொள்ளும்.

இது நேற்று முளைத்த ஏற்பாடும் இல்லை. போட்டோஷாப் முதல் பதிப்பு மேக்குக்கு வந்தது 1990-ல். டிஸ்க்கை ரேம்போலப் பயன்படுத்தும் வசதி மேக் இயங்குதளத்துக்கே அடுத்த வருடம் சிஸ்டம் 7-ல்தான் வந்தது. அதனால் போட்டோஷாப் அந்த வேலையைத் தானே செய்துகொண்டது, இன்றும் அப்படியே செய்கிறது. எங்கள் மெஷினில் அது திறக்க எடுத்துக்கொள்கிற நேரத்தில் முகப்பில் வரும் பெயர்களையெல்லாம் படித்து முடித்துவிடலாம். சீதாராமன் நாராயணன் என்ற நம்மூர்ப் பெயர் எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது.

எனக்கு விஷயம் விளங்கியது கீழே இடது மூலையில். 111.2 எம் என்று வருகிற அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கும். அழுத்தினால் ஒரு பட்டியல். அதில் எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுத்தால் 100% என்று காட்டும். 100-ல் இருக்கும்வரை வேலை ரேமுக்குள் நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கில் கை வைத்துவிட்டது என்று அர்த்தம். பூ அலங்காரமும் ஃபிரேமும் நிறைந்த ஒரு டெம்ப்ளேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த எண் சரிவதைப் பார்த்தேன். டெம்ப்ளேட் செய்தவர் வேண்டாத லேயர்களைக் கண்ணை மூடிவைத்து உள்ளேயே விட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் இடம் பிடிக்கும். முழு ஷீட்டுக்கும் ஒரு ஃபில்டர் போட்டால் பின்வாங்கும் வசதிக்காக ஹிஸ்டரி பழைய நிலையையும் வைத்துக்கொள்ளும். 16 பிட்டில் வேலை செய்தால் எல்லாமே இரண்டு மடங்கு.

ஆனால் எங்கள் சி-யை உண்மையில் விழுங்கியிருந்தது வேறு. ரன் பெட்டியில் %டெம்ப்% கட்டளையைக் கொடுத்து, வருகிற ஃபோல்டரை சைஸ் வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, போட்டோஷாப் டெம்ப் என்று தொடங்கி எண்களில் முடிகிற ஃபைல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில். போட்டோஷாப்பை ஒழுங்காக மூடினால் தன் தற்காலிக ஃபைலைத் தானே அழித்துவிட்டுப் போகும். எங்களுக்கு எங்கே ஒழுங்காக மூட நேரம்? கரண்ட் போகும், யுபிஎஸ் நாலு முறை கத்தும், பேட்டரி வயதானது என்பதால் உடனே எல்லாம் அணைந்துவிடும். தேதிகளைப் பார்த்தேன். ஊரின் மின்வெட்டு அட்டவணையை அந்த ஃபோல்டரிலிருந்தே எழுதியிருக்கலாம். போட்டோஷாப்பை மூடிவிட்டு அத்தனையையும் ஷிப்ட் டெலீட். வெறும் டெலீட் அழுத்தினால் குப்பை ரீசைக்கிள் பின்னுக்குப் போகுமே தவிர இடம் திரும்பாது.

பிறகு ப்ரிஃபரன்ஸஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்காக எஃப் டிரைவைக் காலிசெய்து கொடுத்தேன். போட்டோஷாப் திறக்கவே மறுத்தால் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும், அந்தப் பெட்டி முதலில் வரும். எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கின் துண்டுகள்தான் என்பதால் வேகம் கூடவில்லை. தனியாக ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டபோதுதான் அதுவும் கூடியது.

இதற்குப் பிறகும் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த தம்பி முழித்துக்கொண்டு வந்தான். “அண்ணா, பாஸ்போர்ட் போட்டோவுக்கே டிஸ்க் ஃபுல்லுங்குது.” முன்கவுன்டர் கணினியில் இடம் குறைவுதான், ஆனால் ஒரு பாஸ்போர்ட் படத்துக்கா இல்லாமல் போகும்? க்ராப் பெட்டியைப் பார்த்தால் 35, 45 என்று அடித்திருக்கிறான். மில்லிமீட்டரில் சரியான அளவுதான். ஆனால் ஆல்பக்காரர்கள் நாங்கள் ரூலரை இன்ச்சில் வைத்திருப்போம். அலகு சொல்லாமல் வெறும் எண் கொடுத்தால் அது 35 இன்ச்சுக்கு 45 இன்ச். கட்டை விரல் நீளத்துப் படத்தைக் கட்அவுட் கணக்கில் கேட்டிருக்கிறான். பிக்சல் எண்ணிக்கையில் 645 மடங்கு. எம்எம் என்று இரண்டு எழுத்து சேர்த்ததும் வேலை முடிந்தது. டிஸ்க் நிரம்பியது என்று வருகிற புகாரில் பாதியாவது இப்படிக் கேட்ட அளவில்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். முதலில் எண்ணைப் பாருங்கள், பிறகு எதையாவது அழிக்கலாம்.

அழிப்பதைப் பற்றி எனக்கு இவ்வளவு தயக்கம் வரக் காரணம் ஒரு வாடிக்கையாளர். மொட்டைத் தலையோடு வந்து நின்றார். அப்பா தவறிவிட்டார், காரியத்துக்குப் படம் வேண்டும். “வீட்ல நல்ல படம் ஒண்ணுகூட இல்லைங்க. தங்கச்சி கல்யாணத்துல நீங்க எடுத்ததுல இருக்கான்னு பாருங்க.” ஆல்பத்தில் அந்தப் பெரியவர் இருந்த இடத்திலெல்லாம் விறைப்பாக நின்றார். ஆல்பத்தில் சேராத படங்களில் ஒன்று கிடைத்தது: நாதஸ்வரக்காரர் பக்கம் திரும்பி எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார், துண்டு தோளிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. துண்டைச் சரிசெய்து, பின்னணியை வெளிர்நீலமாக்கி, பெரிதாக்கிக் கொடுத்தேன். சிரிப்பில் கை வைக்கவில்லை. அந்தக் கல்யாணம் அண்ணன் “தூக்குப்பா” என்று சொன்ன பட்டியலில் இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து நான் உட்காரும் ஒவ்வொரு கணினியிலும் ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு ஒதுக்கிய டிரைவில் பத்து ஜிபிக்கு ஒரு வெற்று ஃபைல் வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் கிடையாது. பிரின்டர் டிரைவர் பேக்கப் என்று பெயர் வைத்திருப்பதால் யாரும் சீண்டுவதில்லை. டிஸ்க் முழுதாக நிரம்பினால் பாதி ஷீட்டைச் சேமிக்கக்கூட போட்டோஷாப் இடம் கேட்கும். அப்போது அந்தப் பொய் ஃபைலை அழித்து, கிடைத்த இடத்தில் ஷீட்டைச் சேமித்துவிட்டு, பர்ஜ் கொடுப்பேன். பர்ஜில் ஹிஸ்டரியைத் துடைத்தால் திறந்திருக்கிற எல்லாப் படத்துக்கும் பின்வாங்கும் வழி போய்விடும் என்பதால் அதை எப்போதும் சேமித்த பிறகுதான் செய்வேன்.

இப்போது எஸ்எஸ்டி வந்துவிட்டது, ரேமும் தாராளம். கேமராவும் சும்மா இருக்கவில்லை. 45 மெகாபிக்சல் ராவில் ஒரே கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வருகிறார்கள். லைட்ரூம் அத்தனைக்கும் ப்ரிவியூ கட்டிவைக்கிறது. அதற்கும் போட்டோஷாப்பின் வேலைக்கும் தனித்தனி இடம் பிரித்திருப்பதால் அந்தச் சின்னப் பெட்டி முன்போல அடிக்கடி வருவதில்லை. மிச்சமிருக்கிற பிரச்சினை ஸ்டோர் ரூம்தான். படங்கள் ஒரு வருடத்துக்கு மட்டுமே பாதுகாக்கப்படும் என்று அண்ணன் பில்லின் அடியில் அச்சடித்திருக்கிறார். ஒரு வருடம் தாண்டிய ஃபோல்டரை அழிக்கட்டுமா என்று கேட்டால், “அது அவங்களுக்குப்பா, நமக்கில்ல” என்கிறார். இந்த ஆவணிக்கு முன்னால் இன்னொரு நாலு டிபி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.