நெளிவு அடைப்புக்குறியின் பூர்வீகம்

"ஒரு மாசமா கடை பேரே வரல சார். அந்த இடம் மட்டும் காலியா நிக்குது." ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவே உதிரிபாகம் விற்கிறவர் சொன்னார். அவருடைய வாடிக்கையாளர் உதவிப் பக்கத்தின் வார்ப்புருவைத் திறந்தேன். தலைப்பு வர வேண்டிய இடத்தில் இரட்டை நெளிவு அடைப்புக்குறி, உள்ளே ஏதோ ஒரு சொல்.

பக்கத்தை ஓட்டுவது ஃப்ரெஷ்டெஸ்க். அதுவும் சென்னைச் சரக்குதான். 2010இல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய நிறுவனம், 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. மென்பொருளை எழுதியது ரூபி என்ற நிரல்மொழியின் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' சட்டகத்தில். ஆனால் அந்த அடைப்புக்குறி ரூபி இல்லை. பின்னே எங்கிருந்து வந்தது?

தேடிப்போனால் தடம் கனடாவில் முடிகிறது. 2004இல் டோபியாஸ் லூட்கே இணையத்தில் பனிச்சறுக்குப் பலகை விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காக எழுதிய மென்பொருளே 2006இல், மற்றவர்களும் இணையத்தில் கடை நடத்தும் ஷாப்பிஃபை ஆனது. ஒவ்வொரு கடைக்காரருக்கும் தன் பக்கம் தன் விருப்பப்படி தெரிய வேண்டும். அதற்காக வார்ப்புருவில் ரூபியையே எழுத விட்டால், தரவுத்தளத்தை மொத்தமாக அழிக்கும் வரியையும் ஒருவர் எழுதிவிடலாம். ஊரார் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல. அதைத் தடுக்கப் பிறந்த குட்டி மொழிதான் 'லிக்விட்', அதாவது திரவம்; ஃப்ரெஷ்டெஸ்கில் நான் பார்த்த அடைப்புக்குறி இதனுடையது. நிரலாளர் எதை எடுத்து நீட்டுகிறாரோ அதை மட்டுமே அது பார்க்கும். அப்படி நீட்டும் பொருளுக்குப் பெயர் 'டிராப்', அதாவது துளி. பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் குறும்பு.

அதே 2006இல் இதற்கு ஒரு பங்காளியும் பிறந்தான். ரூபி மொழியின் அதிகாரபூர்வத் தளத்தைப் புதுப்பித்தபோது ஜான் லாங் உருவாக்கிய ரேடியண்ட் என்ற இணையத்தள உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். இங்கே நெளிவு அடைப்புக்குறிக்குப் பதில் கோண அடைப்புக்குறி, முன்னால் ஒரு 'ஆர்'. எழுதுகிறவருக்குக் குறிச்சொற்கள் போதும். நிரலாளருக்கு வேறு வாசல் உண்டு: 'பேஜ்' என்ற வகுப்பிலிருந்து ஒரு துணைவகுப்பை உண்டாக்கி, பக்கத்தை வரைந்து தரும் 'ரெண்டர்' செயலைத் தன் போக்கில் மாற்றி எழுதலாம். எந்தப் பக்கம் எந்த வகுப்பு என்பது தரவுத்தள அட்டவணையின் ஒரு பத்தியில் இருக்கும்.

பழைய மடிக்கணினி ஒன்றில் அதை நிறுவி, அப்படியொரு துணைவகுப்பால் விலைப்பட்டியல் பக்கம் ஒன்று செய்து பார்த்தேன். விலையை மாற்றினேன். திரையில் பழைய விலைதான்! அரை மணி நேரம் நிரலைத் திட்டிய பிறகுதான் புரிந்தது: ஒருமுறை வரைந்த பக்கத்தை ரேடியண்ட் சேமித்து வைத்து அதையே சற்று நேரம் நீட்டுகிறது. 'இந்தப் பக்கத்தைச் சேமிக்காதே' என்று துணைவகுப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தவறு என்னுடையது.

மறுநாள் மறுபடி கடைக்குப் போனேன். தெரியாத பெயரைக் கேட்டால் லிக்விட் பொதுவாகக் கூச்சல் போடாது, வெறுமையை நிரப்பிவிட்டுப் போய்விடும். அடைப்புக்குறிக்குள் இருந்த சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்தேன். எப்போதோ கை பட்டு நடுவில் ஓர் எழுத்து அழிந்திருந்தது. சேர்த்தேன். கடைப் பெயர் வந்தது. "அவ்ளோதானா?" என்றார்.