வெயிலுக்கு வச்ச பேரு

பழைய வேளாண் வானிலைப் புத்தகம் ஒண்ணைப் புரட்டினப்போ, வெயிலை 'லாங்லி'ங்கிற கணக்குல போட்டிருந்தாங்க. நியூட்டன், வாட் மாதிரி இதுவும் ஒரு மனுஷரோட பேராத்தான் இருக்கணும்னு தேடிப் படிச்சேன்.

முதல்ல அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புல ஒரு கலோரி சூரிய சக்தி விழுந்தா, அது ஒரு லாங்லி. சதுர மீட்டர் கணக்குல சொன்னா 41,840 ஜூல். இந்தப் பேரை 1942-ல முன்மொழிஞ்சவர் ஃபிரான்ஸ் லிங்கெ.

அடுத்து ஆள். சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி, அமெரிக்கர், 1834-ல பிறந்தவர். கல்லூரிப் படிப்பே இல்லாம வானாய்வகத் தலைவர் ஆனவர்! 1880 வாக்குல போலோமீட்டர்னு ஒரு கருவி செஞ்சார். கரி பூசின மெல்லிசான பிளாட்டினப் பட்டையில வெப்பம் பட்டா மின்தடை மாறும்; அந்த மாற்றத்தை வச்சு எவ்வளவு வெப்பம்னு சொல்லிடலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் இதுல சிக்கும்.

வர்ற வெயில்ல காத்துமண்டலம் எவ்வளவை முழுங்குதுன்னு கண்டுபிடிக்கணுமே? 1881-ல கலிஃபோர்னியாவுல விட்னி மலைக்குக் கருவிகளைத் தூக்கிட்டுப் போனார். கீழயும் அளந்தார், மேலயும் அளந்தார். காத்துமண்டலத்துக்கு வெளிய நிமிஷத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு 3 கலோரின்னு விடை சொன்னார்.

இங்கதான் வேடிக்கை. சரியான விடை கிட்டத்தட்ட 1.95. அதாவது, லாங்லி சொன்ன சூரிய மாறிலியே தப்பு, அந்தத் தப்பை இன்னைக்கு லாங்லி கணக்குலயே சொல்லலாம் :)

விமானத்துலயும் இதே கதைதான். 1896-ல ஆளில்லாம பறக்கவிட்டது நல்லாவே பறந்துச்சு. 1903-ல ஆளை ஏத்தி ரெண்டு தடவை முயற்சி பண்ணினப்போ, ரெண்டு தடவையும் பொட்டோமக் ஆத்துல விழுந்துச்சு. ரெண்டாவது தடவை விழுந்து ஒன்பதே நாள்ல ரைட் சகோதரர்கள் பறந்துட்டாங்க. பத்திரிகைக்காரங்க மனுஷரை வறுத்தெடுத்துட்டாங்க. 1906-ல இறந்துட்டார்.

ஆனா அவர் அளந்து வச்ச நிலவொளி அகச்சிவப்புக் கணக்கை எடுத்துத்தான், கரியமில வாயு கூடினா பூமி எவ்வளவு சூடாகும்னு 1896-ல அர்ஹீனியஸ் கணக்குப் போட்டார். இன்னைக்கு நாம பயப்படுற விஷயத்துக்கு அன்னைக்கே ஒரு பிள்ளையார் சுழி!

நம்ம கணக்கு வாத்தியார்கள் விடை தப்பானாலும் வழி சரின்னா ஸ்டெப் மார்க் போடுவாங்க இல்லையா? லாங்லிக்கு உலகம் போட்ட ஸ்டெப் மார்க்தான் இந்தப் பேருன்னு எனக்குத் தோணுது. இப்போ ஜூலும் வாட்டும் அந்த இடத்தைப் பிடிச்சிருச்சு. பழைய அட்டவணைகள்ல எங்கயாவது 'லாங்லி'ன்னு பார்த்தா, அந்த மலையேறின மனுஷரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.